ரிமோட் வேறு, சிப் வேறு: கார் சாவி மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

செல்ஃப் நன்றாக எடுக்கிறது. இன்ஜின் பிடித்த இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது. டேஷ்போர்டில் கார் படத்தோடு சாவி போட்ட விளக்கு சிமிட்டுகிறது. உடனே பலரும் சாவியின் செல்லை (பட்டன் பேட்டரியை) மாற்றுகிறார்கள். சாவியைச் செருகித் திருகும் வண்டியில் அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்தச் சாவிக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட் 3 வோல்ட் செல்லில் ஓடுகிறது, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகிறது. இன்ஜினை ஓட அனுமதிக்கும் சிப்புக்குச் செல்லே வேண்டாம். இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் ஆண்டெனா காயிலின் அலையிலிருந்தே (பொதுவாக 125 கிலோஹெர்ட்ஸ்) அது மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் கோடை, அதாவது அடையாள எண்ணை, சொல்கிறது. கதவு திறக்கவில்லை, வண்டி ஓடுகிறது என்றால் கோளாறு ரிமோட்டில். கதவு திறக்கிறது, வண்டி ஓடவில்லை என்றால் சிப் பக்கம் பாருங்கள்.

ரிமோட்டில் முதலில் செல். புதிய செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். சிஆர் 2032 கேட்டால் சில கடைகளில் 2025ஐக் கொடுப்பார்கள். விட்டம் இரண்டுக்கும் 20 மில்லிமீட்டர்தான், ஆனால் கனம் 3.2க்குப் பதில் 2.5. உள்ளே லூசாக உட்கார்ந்து, சாவியைத் தட்டினால் வேலை செய்யும், விட்டால் செய்யாது. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு போட்ட செல்களும் வருகின்றன. அந்தப் பூச்சு சில சாவிகளில் காண்டாக்ட்டைத் தடுக்கும். ஓரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போடுங்கள். டிவி ரிமோட்டைப் போல மொபைல் கேமராவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது இங்கே செல்லாது, இது ரேடியோ அலை. ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்யாமல், வண்டியை நூறு அடி தள்ளி நிறுத்தியதும் செய்தால், சாவியில் குற்றமில்லை. அக்கம்பக்கத்து அலை குறுக்கிடுகிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பீய்ச்சும் தண்ணீரில் பாக்கெட்டில் இருக்கும் சாவியும் நனையும். நனைந்ததும் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். சாவியின் வெளி ஓட்டைப் பிரித்துச் செல்லைக் கழற்றுங்கள். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் போர்டில் பச்சைக் களிம்பு வேகமாகப் பூக்கும். பழைய பல்துலக்கும் பிரஷை ஆல்கஹாலில் நனைத்துப் போர்டைத் தேய்த்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். மதுரை வெயிலில் டேஷ்போர்டு மேல் காயவைப்பது ஓட்டை வளைத்துவிடும்.

சிப் பக்கம் சந்தேகம் வந்தால் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் முதல் சாவியின் சிப்பில் கோளாறு. இரண்டிலும் ஓடாவிட்டால் ஆண்டெனா காயில், அதன் கனெக்டர், ஃபியூஸ், வண்டி பேட்டரி என்று போக வேண்டும். சோதிக்கும்போது ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவிகளைத் தொங்கவிடாதீர்கள், ஒன்றின் கோடு மற்றதைப் படிக்கவிடாமல் குறுக்கிடும்.

சிப் காணாமல் போவதுதான் மிகக் கொடுமை. பட்டன் ரப்பர் கிழிந்ததென்று புது ஓடு மாற்றுகிறார்கள். பல மாடல்களில் சிப் போர்டில் இருக்காது. புளியங்கொட்டையை விடச் சின்னக் கறுப்புத் துண்டாகப் பழைய ஓட்டின் மூலையில் ஒட்டியிருக்கும். அது ஓட்டோடு குப்பைக்குப் போய்விடும். கதவு திறக்கும், வண்டி ஓடாது. பழைய ஓட்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் செல் தீர்ந்தாலும் வழி உண்டு. உள்ளே மறைந்திருக்கும் சாவியால் கதவைத் திறந்து, பிரேக்கை (கியர் வண்டியில் கிளட்சையும்) மிதித்துக்கொண்டு, ஃபாபையே (அந்த ரிமோட் சாவியையே) ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிவைத்து அழுத்துங்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா வண்டிகள் பலவற்றில் இது பலிக்கும். உசிலம்பட்டியில் நின்ற வண்டியை மதுரைக்குக் கட்டி இழுத்து வருவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

புதுச் சாவியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியும்போது கெடுப்பது பெரும்பாலும் வண்டி பேட்டரிதான். இக்னிஷன் ஆனில், இன்ஜின் ஓடாமல் வேலை நடக்கும். பாதியில் வோல்டேஜ் சரிந்தால் பதிவு அறுந்துவிடும். 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜர் மாட்டச் சொல்லுங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப். ஸ்கேனர் (வண்டியோடு இணைத்துச் சாவியைப் பதியும் கருவி) கேட்கும் பின் எண்ணை, அதாவது ரகசிய எண்ணை, ஊகித்து அடிக்க விடாதீர்கள். தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் இம்மொபிலைசர் (சிப்பின் கோடைச் சரிபார்த்து இன்ஜினை ஓடவிடும் அமைப்பு) தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். இன்னொன்று: பல வண்டிகளில் புதியதைப் பதியும்போது பழைய சாவிகள் அனைத்தும் அழிந்துவிடும். கையில் இருப்பவை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வீட்டில் விட்டுவந்த சாவி அன்றோடு செத்துவிடும். வேறு வண்டியில் பதிந்த பழைய சிப்பும் பெரும்பாலும் ஏறாது, அதில் கோடு பூட்டப்பட்டிருக்கும்.

ஒரு சாவி மட்டுமே மிச்சம் என்றால் இந்த மாதமே இரண்டாவதைப் போடுங்கள். எல்லாமே தொலைந்தபின் செலவும் அலைச்சலும் பல மடங்கு. இம்மொபிலைசரையே பைபாஸ் செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்; சிப் இல்லாத வெறும் வெட்டுச் சாவியிலும் வண்டி கிளம்பும், யார் கையில் இருந்தாலும்.

பழைய கார் வாங்கினால் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் மூன்றாவது வேறு யாரிடமோ இருக்கலாம். எல்லாவற்றையும் அழித்து, உங்களிடம் இருப்பதை மட்டும் திரும்பப் பதியச் சொல்லுங்கள். அழித்தபின் அந்தச் சாவியால் இன்ஜின் ஓடாது. ஆனால் அதன் வெட்டு கதவைத் திறக்கும். அதையும் தடுக்கப் பூட்டுச் செட்டை மாற்ற வேண்டும்.