ஐந்தாவது சனிக்கிழமை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் தருமபுரி பஸ்ஸிலிருந்து இறங்கியும் இறங்காமலும் ஆயா கேட்டாள்: "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா கண்ணு?"

பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் ஆயாவின் மஞ்சப்பையை வாங்கிக்கொண்டு, "கோயில்ல போய்ப் பண்ணிக்கறேன், மெதுவாப் பேசு" என்றேன். பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. என் பாட்டியான ஆயாவுக்கு மெதுவாகப் பேச வராது. காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசுவாள்.

மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. சையத் பாஷா மலைப் பாறைகளில் வெயில் அடித்து ஊரெல்லாம் அனல் வீசியது. எனக்கு அது ஐந்தாவது சனிக்கிழமை. கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை ஆலயத்துக்கு ஐந்து மாதம் தொடர்ந்து, மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் வருவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். கடைசிச் சனிக்கிழமைக்குத் தானும் வருவேன் என்று ஆயா நவம்பரிலேயே சொல்லிவிட்டாள். தருமபுரிப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

இந்த ஐந்து சனிக்கிழமைப் பக்தி என்னவென்று என் வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. 1917-இல் மே 13 முதல் அக்டோபர் 13 வரை போர்ச்சுகலின் பாத்திமாவில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்தார். லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா. கடைசிப் பிள்ளைகள் இருவரும் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். 2017-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. லூசியா கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1925 டிசம்பர் 10 அன்று ஸ்பெயினில் பொந்தவேத்ரா என்ற ஊரில் அவருக்கு மறுபடி காட்சி கொடுத்து மாதா கேட்டதுதான் இது. ஐந்து மாதம், ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் தரும் அப்பமான நற்கருணை வாங்கி, ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லி, அது போக ஒரு கால்மணி நேரம் செபமாலையின் மறையுண்மைகளை, அதாவது இயேசு, மாதா வாழ்க்கையின் நிகழ்ச்சிகளைத் தியானித்து மாதாவோடு சும்மா இருக்க வேண்டும். எல்லாமே அவருடைய மாசற்ற இருதயத்துக்குப் பரிகாரமாக.

கேட்க எளிதாக இருக்கிறது. விடுதியில் இருந்துகொண்டு செய்து பார்த்தால்தான் தெரியும்.

நான் கிருஷ்ணகிரியில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. போன ஜூலையில் முதல்முறை தொடங்கினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் ஒழுங்காக நடந்தன. அக்டோபர் முதல் சனிக்கிழமை இன்டர்னல் தேர்வு வைத்தார்கள். எழுதிவிட்டு ஓடினால் பூசை முடிந்து மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டிருந்தார்கள். தகுந்த காரணம் இருந்தால் சாமியார் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், கூச்சம். விட்டதை நவம்பரில் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

விடுதியில் மாலை, விரதம் என்பதெல்லாம் புதிது இல்லை. என் அறைத்தோழி மார்கழியில் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டு, சிவப்புச் சேலை கட்டி, விடியற்காலை குளிர்தண்ணீரில் குளித்துவிட்டு வருவாள். எனக்கு முன்னால் பக்கெட்டைப் பிடிப்பவள் அவள்தான். நான் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அசைவம் கூடாது என்று முட்டையைத் தள்ளி வைத்தால், "நீயும் விரதமா? அப்ப சரி" என்று முடித்துவிடுவாள். சிக்கல் வந்தது தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்றுதான். எங்கள் விடுதியில் புதன்கிழமை கோழிக்குழம்பு. காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனால், "என்னடி, விபூதி பூசிக்கிட்டு வந்திருக்கே?" என்றாள். ஆமாம், ஆயா அந்த நாளுக்குச் சொல்கிற பெயரே விபூதிப் புதன்தான் என்றேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். இரவு என் பங்குக் கோழியையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

பதினான்கு வயது முடிந்தால் சுத்தபோசனம். பதினெட்டு முடிந்தால் ஒருசந்தியும் சேர்ந்துகொள்ளும். ஒருசந்தி என்றால் ஒரு நேரம்தான் வயிறாரச் சாப்பாடு. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பதினெட்டு முடிந்தது. வீட்டில் இருந்திருந்தால் அம்மா நினைவுபடுத்தியிருப்பாள். இங்கே நானே நாள்காட்டி பார்த்து, நானே பசித்திருந்து, நானே யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் சாப்பிட்டு, அதையும் நானே போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒரு தோழி வேறு மாதிரி கேட்டாள். "மாதாவைக் கும்பிடறது பைபிள்ல எங்க இருக்கு?" கும்பிடுவது வேறு, பரிந்துபேசச் சொல்வது வேறு என்று ஆரம்பித்து, லூக்கா முதல் அதிகாரத்தில் வானதூதர் வாழ்த்துகிற 28-ஆம் வசனத்தைக் காட்டினேன். அவள் வேறு வசனம் காட்டினாள். கேன்டீனில் வாங்கி வைத்த பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.

சரி, ஆயாவுக்கு வருகிறேன்.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் என்றாள். ஆட்டோவில் போனால் நேர்ச்சை எப்படி ஆகும்? கொஞ்ச தூரம் போனதும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். தார் கொதிக்கிறது என்று சொன்னேன். "எனக்குக் காலே மரத்துப் போச்சு, நீ போட்டுக்க" என்றாள். பேத்தி செருப்போடும் எழுபத்து நாலு வயதுக் கிழவி வெறுங்காலோடும் நடப்பதைப் பார்த்தவர்கள் என்னை என்ன நினைத்திருப்பார்கள்! ஒரு நிழல் பார்த்து நானும் கழற்றினேன். அடுத்த நிழல் வரைக்கும் தாங்கினேன். அப்புறம் போட்டுக்கொண்டேன்.

வழியெல்லாம் செபமாலை. இங்கேதான் எங்களுக்குள் சண்டை. சனிக்கிழமைக்கு மகிழ்ச்சி மறையுண்மைகள் என்கிறது என் கைப்பேசி. மகிமை தேவ இரகசியம் என்கிறாள் ஆயா; மறையுண்மைக்கு அவள் சொல்லும் பழைய பெயர் அது. இருவருமே சரி. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்து வியாழனுக்கு வைத்தபோது, வியாழனில் இருந்த மகிழ்ச்சி சனிக்கு நகர்ந்தது. ஆயாவின் செபமாலையில் இன்னும் பதினைந்து தேவ இரகசியம்தான். "புதுசா வந்தது நல்லதுதான், ஆனா எனக்கு மனப்பாடம் ஆகாது" என்பாள். மகிமைக்கு விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த சண்டை வார்த்தைகளில். நான் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினால் அவள் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்பாள். நான் "தூய மரியே, இறைவனின் தாயே" என்றால் அவள் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே." அவளுடையது நீளம் என்பதால் ஒவ்வொரு மணியிலும் நான் கொஞ்சம் முன்னால் போய், "வேண்டிக்கொள்ளும்" என்ற சொல்லில் நின்று அவளுக்காகக் காத்திருப்பேன். சாலையில் லாரி போகும்போது மட்டும் இருவர் குரலும் கேட்காது. ஆனால் லாரி போன பிறகு பார்த்தால் சரியாக அதே மணியில் இருப்போம்.

ஒரு ஆயரின் கீழ் வரும் பகுதிக்கு மறைமாவட்டம் என்று பெயர்; ஆயாவுக்கு அந்தச் சொல்லும் வராது. மேற்றிராசனம் என்பாள். அதுவும் சேலம் மேற்றிராசனம். 1930-இல் உருவான சேலத்திலிருந்து 1997-இல் தருமபுரி தனியாகப் பிரிந்து, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் அதற்குள் வந்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியது லத்தீன் பூசையில். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்றிருப்பார், மணி அடித்தால்தான் எழுந்தேற்றம், அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரம் என்று தெரியும், "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றதும் பீடச் சிறுவர்கள் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்பார்கள், அர்த்தம் யாருக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பாள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. "அழகாப் புரிஞ்சுது. ஆனா அந்த அமைதி போயிடுச்சு" என்றாள் ஒருமுறை. அதற்காகச் சண்டை போட்டவள் அல்ல. தமிழில் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

கோயில் வாசலில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். துப்பட்டாவை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டேன். பாத்திமாக் காட்சி நடந்த அதே 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பில் பெண்கள் கோயிலில் தலையை மூட வேண்டும் என்று இருந்தது. 1983-இன் புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. அதனால் கட்டாயம் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, அதனால் போடுகிறேன். துணி இரண்டு பக்கமும் விழுந்தால் பக்கத்தில் யார் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றாது. எனக்கு அது தேவைப்படுகிறது.

பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஏழெட்டுப் பேர். வரிசையில் நின்றபோது நவம்பர் ஞாபகம் வந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஒழுங்காக நடந்தன என்று மேலே எழுதினேன் அல்லவா? அதில் பாதிதான் உண்மை. விடுதிக்கு வந்ததிலிருந்து ஒன்றை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டே வந்தேன். தெரிந்தே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது என்று ஞானோபதேசம் என்கிற மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன். அப்படியானால் அந்த மூன்று மாதமும் கணக்கில் சேராது. அக்டோபரில் தேர்வு வைத்தவர்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

நவம்பரில்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் சாமியார் மனஸ்தாப மந்திரம், பாவத்துக்கு வருந்தும் செபம், சொல்லச் சொன்னார். புதிய செபம் பதற்றத்தில் மறந்துவிட்டது. வாயில் வந்தது ஆயா சொல்லிக்கொடுத்த பழையது. "சர்வேசுரா சுவாமி" என்று ஆரம்பித்து, "எனக்கு இதுவே மனஸ்தாபமில்லாமல் வேறே மனஸ்தாபமில்லை, எனக்கு இதுவே துக்கமில்லாமல் வேறே துக்கமில்லை" என்று வந்தபோது வாய் நின்றுவிட்டது. ஏனென்றால் அது பொய். எனக்கு வேறு துக்கங்கள் இருந்தன. ஒரு பாடத்தில் அரியர். அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு அப்பா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். பாவத்தைவிட அவைதான் என்னை அழ வைத்தன. சாமியார் பொறுமையாக இருந்தார். மீதியை முணுமுணுத்து முடித்தேன்.

நான்கு மாதமும் அந்த இடம் வரும்போது இடறியது. அதனால் ஐந்தாவது முறை வரிசையில் நிற்கும்போது ஆயாவிடமே கேட்டேன். வேறே துக்கமில்லை என்று உன்னால் எப்படிச் சொல்ல முடிகிறது? தாத்தா போனது, ஆழ்துளைக் கிணறு வற்றியது, மாமா இன்னும் பேசாமல் இருப்பது, இதெல்லாம் துக்கம் இல்லையா?

நல்லவேளை, கோயிலுக்குள் மட்டும் அவளுக்குக் குரல் இறங்கும்.

"உனக்கு ஆறாவது படிக்கறப்ப பாவாடை தெச்சேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நீளமாகத் துணி எடுத்து, கீழே மூன்று டக்கு பிடித்துத் தைத்திருந்தாள். வருடம் ஒன்றாகப் பிரித்துவிட்டு எட்டாவது வரைக்கும் போட்டேன். பிரித்த இடத்தில் மட்டும் துணி புதுசாக, நிறம் மங்காமல் கோடு போட்ட மாதிரி தெரியும்.

"அந்த மந்திரமும் அப்படித்தான் தெச்சிருக்காங்க. எனக்கே இன்னும் ஒரு டக்கு பாக்கி இருக்குது. போ, உன் முறை வந்திருச்சு."

போனேன். அன்றும் சரளமாக வரவில்லை. ஆனால் நிற்காமல் சொன்னேன். "கெட்டியான மனதோடே பிரதிக்கினை பண்ணுகிறேன்" என்ற இடத்தில் எப்போதும்போல் சிரிப்பு வரப் பார்த்தது. கெட்டியான மனது என்றதும் எனக்குக் கெட்டித் தயிர்தான் நினைவுக்கு வரும். சின்ன வயதுப் பழக்கம். மாதா மன்னிக்கட்டும்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அந்தக் கால்மணி நேரம். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். செபமாலையிலேயே அடங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். கைப்பேசியை ஒலியில்லாமல் வைத்துப் பதினைந்து நிமிடம் குறித்துக்கொண்டேன். மகிமையின் முதல் தேவ இரகசியம், உயிர்ப்பு. கல்லறைக் கல், விடியல், ஓடி வந்த பெண்கள். மூன்று நிமிடம் வரைக்கும் பிடித்து வைத்தேன். பிறகு மனம் நேரே திங்கட்கிழமை அசைன்மென்டுக்குப் போனது. திரும்பக் கூட்டி வந்தேன். மறுபடி போனது. ஆடு மேய்த்த பிள்ளைகளுக்குக் கூட இவ்வளவு ஓட்டம் இருந்திருக்காது.

ஆயா அசையாமல் இருந்தாள். பெரிய தியானம் என்று பார்த்தால் லேசான குறட்டை. விடியற்காலை எழுந்து இரண்டு பஸ் பிடித்து, வெறுங்காலோடு நடந்தவள். எழுப்பவில்லை. செபமாலை மட்டும் விரலில் எந்த மணியில் நின்றதோ அங்கேயே இருந்தது. நேரம் முடிந்து கைப்பேசி அதிர்ந்ததும் கண் திறந்து, விட்ட இடத்திலிருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடர்ந்தாள்.

வெளியே வந்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் இரண்டு முறை அணைந்தது. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மாவடு. வீட்டு மரத்தில் காற்றுக்கு உதிர்ந்ததாம். தவக்காலத்தில் விடுதிச் சாம்பாருக்கு ஆகும் என்றாள்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். நேர்ச்சை வரும்போதுதான், போகும்போது இல்லை என்பது ஆயாவின் சட்டம். தருமபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தேன். ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பிய பிறகு தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டாள்.

"அஞ்சு முடிஞ்சுதா? இனி முதல் வெள்ளி ஒம்பது. தருமபுரி திரு இருதயக் கோயில்ல. உன் படிப்பு முடியறதுக்குள்ள வந்துரும்ல?"

விரல் விட்டு எண்ணினேன். ஏப்ரலில் தொடங்கினால் டிசம்பர். நடுவில் இன்டர்னல் எப்போது வைப்பார்களோ தெரியாது. பதில் சொல்வதற்குள் பஸ் ரவுண்டானா பக்கம் திரும்பிவிட்டது.