திபெத்தைச் சுற்றி வந்த குருவி

குளிர்காலம் முழுக்க நம் ஊர் மரங்களில் 'ச்சிஸ்லி' என்று கத்திக்கொண்டிருக்கும் கிரீனிஷ் வார்ப்ளர் பத்து கிராம்கூடத் தேறாது. இறக்கையில் மங்கலாய் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பைனாகுலரில் தேடினால்தான் தெரியும். வம்சக் கதையோ பெரிது.

இமயமலையிலிருந்து திபெத்தின் மேற்கிலும் கிழக்கிலுமாக வடக்கே பரவிய இரு கிளைகள் சைபீரியாவில் மறுபடி சந்திக்கின்றன. அதற்குள் பாட்டு மாறிவிட்டதால் அநேகமாக ஜோடி சேருவதில்லை. 2001-இல் உயிரியலாளர் டேரன் இர்வின் குழு இதை வெளியிட்டது. வளையம் நெடுக அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் தமக்குள் கலக்க, இரு முனைகள் மட்டும் கலக்காத 'வளைய இனம்' என்று பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 2014-இல் மரபணுத் தொகுதி நெடுக ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்தபோது வளையத்தில் முறிவுகள், அதாவது முன்பு கலப்பு நின்றுபோயிருந்த இடங்கள், தெரிந்தன. சைபீரியாவில் கொஞ்சம் கள்ளக் கலப்பும் நடந்திருந்தது! எனக்கென்னவோ இந்தக் குளறுபடியான கதைதான் அதிகம் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருவது மேற்குக் கிளை.