கொலருக்குள் இருந்த பெயர்

யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் நம்மை வளர்த்த மிசியம்மா போய்விட்டா என்ற செய்தி நம் வட்ஸ்அப் குழுவில் வந்த அன்று மெழுகுதிரிப் படங்களால் தொலைபேசி நிரம்பிவிட்டது. மறுநாள் நினைவு மலர்க்குழுவிலிருந்து அழைப்பு. "அண்ணை, அவவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும்." ஏன் நான் என்று கேட்கவில்லை. எல்லாம் அந்தச் சேர்ட் கதைதான்.

அவவைத் தெய்வமாக்கி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மலரின் முதற்பக்கங்களில் அதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். சனிக்கிழமை காலை ஆமணக்கெண்ணெய் வரிசையில் நின்ற எவனும் அவவைத் தெய்வம் என்று சொல்லமாட்டான். ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் கரண்டியைத் தொண்டை வரை விட்டு, "விழுங்கும், விழுங்கும், நடிக்க வேண்டாம்" என்று மரியாதையாக அதட்டுவா. எட்டு வயதுப் பெடியனும் அவவுக்கு "நீர்"தான். வார்டன் மாஸ்டருக்கு நாங்கள் "டேய்". ஊருக்கு நாங்கள் "மிஷன் அநாதைகள்". "நீர்" என்று சொன்ன ஒரே வாய் அது, ஆமணக்கெண்ணெயோடு சொன்னாலும்.

மிசியம்மாவும் அவவின் கணவர் பாதிரியாரும் வந்த காலம் அப்படியொன்றும் நல்ல காலமல்ல. அமெரிக்கன் மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் காலூன்றியபோது இருந்த மவுசு எப்போதோ போய்விட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நம் பள்ளிக்கூடமும் அரசாங்கத்தின் கைக்குப் போய், மிஷனிடம் மிஞ்சியது விடுதியும் தச்சுப் பட்டறையும் துலாக் கிணறும்தான். அதை நடத்தத்தான் பாதிரியாரும் மிசியம்மாவும் கப்பலேறி வந்தார்கள். பாதிரியாரைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நல்ல மனுசன். பாதி நாள் கணக்குப் புத்தகத்தோடும் மீதி நாள் பழுதான ஜீப்புக்குக் கீழேயும் கிடந்தார். விடுதியை ஆண்டது மிசியம்மாதான்.

அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மகனுக்கு என் வயது. ஆனால் வருடத்தில் பெரும்பகுதி இருவரையும் காண முடியாது. அமெரிக்க மிஷனரிமார் தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் அவர்கள் போடிங். யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடி ரயிலில் மதுரை தாண்டிக் கொடைக்கானல் ரோட், அங்கிருந்து மலை ஏற பஸ். மார்கழி விடுமுறைக்குத்தான் திரும்பி வருவார்கள்.

அப்போது எங்களுக்கு இதில் வினோதம் எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் குளிர் இடத்தில்தான் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு வீட்டுத் தாய் தன் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறா என்ற விசயம் எங்கள் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் நகத்தையாவது ஒழுங்காகக் காட்டியிருப்போம்.

சரி, சேர்ட்டுக்கு வருகிறேன்.

1964 கார்த்திகைக் கடைசியில் வழக்கம்போல நத்தார் உடுப்புப் பங்கீடு. கடல் கடந்து வந்த பெட்டிகளில் உங்களுக்கெல்லாம் என்ன கிடைத்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிய களிசான்கள், பனிக்காலத்துக் கம்பளிக் காலுறைகள். எனக்கு அந்த வருடம் யோகம். நீலக் கட்டம் போட்ட சேர்ட், நெஞ்சுப் பைக்கு மூடியும் பொத்தானும். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கொலரின் உட்பக்கம் வெள்ளை நாடாத் துண்டு ஒன்று, அதில் சிவப்பு நூலால் ஆங்கில எழுத்துகள். என்னுடைய ஆங்கிலம் அந்தச் சாய்வெழுத்தை வாசிக்கும் அளவுக்கு வளரவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு அம்மா என்னைப் பார்க்க வந்தா. (நம்மில் எத்தனை பேருக்கு வேப்பமரத்தடியில் வந்து காத்திருக்க ஒரு தாய் இருந்தா என்று கணக்கெடுத்தால், 'அநாதை' என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துத்தான் போட வேண்டியிருக்கும். அப்பா இல்லை, தோட்டக் கூலியில் மூன்று பிள்ளைகள். அவ்வளவுதான் விசயம்.) சேர்ட்டைத் தடவிப் பார்த்து, கொலரைப் பிரட்டி, "இதென்ன மோனை எழுதியிருக்கு?" என்று கேட்டா. "கொம்பனிப் பேர்" என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழி முதல் ஞாயிறு. கோயிலுக்கு வரிசையில் நிற்கிறோம். முதல் நாள் கப்பலில் வந்து இறங்கிய மிசியம்மாவின் மகன் வரிசையோரமாக நடந்து வந்தான். என்னைக் கடந்தவன் நின்று, திரும்பி வந்து, என் கொலரைப் பிடித்துப் பிரட்டினான். அதிலிருந்ததைச் சத்தமாக வாசித்தான். அவனுடைய முழுப் பெயர், குடும்பப் பெயரோடு. பிறகு ஆங்கிலத்தில், "இது என்னுடையது!" என்றான். சண்டைக்காகச் சொல்லவில்லை, தொலைந்த சாமானைக் கண்ட சந்தோசத்தில் சொன்னான். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற பெரிய பெடியள் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் மணி அடிப்பதற்குள் அது எனக்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. இந்த மலரை வாசிக்கிற பாதிப் பேர் இன்றைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கனடாவில், ஸ்காபரோத் தமிழ்க் கடைக்கு முன்னால் அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிட்டு என் மருமகனைத் திகைக்க வைத்தவர் யாரென்று அவருக்கே தெரியும்.

பின்னாளில் நம் மிஷன் சரித்திரத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டுக்கோட்டை செமினரியிலும் உடுவிலிலும் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரியின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டுகிற வழக்கம் இருந்தது. கந்தனும் வள்ளியும் அப்படித்தான் நியூ இங்கிலாந்துக் கனவான்கள், சீமாட்டிகளின் பெயரோடு வெளியே வந்தார்கள். அவர்களுக்கு அது பதிவேட்டில் ஏறியது. எனக்குச் சேர்ட்டில் வந்தது.

அன்று மிசியம்மா ஓடி வந்து, மகனிடம் ஆங்கிலத்தில் ஏதோ மெல்லச் சொன்னா. அவன் முகம் சிவந்து கையை எடுத்தான். கசங்கிய கொலரை எனக்கு நேராக்கி, மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, ஹார்மோனியத்துக்குப் போய்விட்டா. எங்கள் இருவரில் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த நாடாவைப் பிரித்தெடுக்க அவ மறந்துவிட்டா என்றுதான் பெடியள் சொல்வார்கள். பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தாலும் தடவிப் பார்த்துத் தைத்துத் தருகிறவ, தன் கையால் தைத்த நாடாவைக் காணாமல் விட்டிருக்கமாட்டா.

அந்த மார்கழி 22ஆம் தேதி இரவுதான் புயல். நம் சாப்பாட்டறை ஓடுகள் பறந்ததும், எல்லோரும் கோயிலுக்குள் வாங்குகளின் கீழே படுத்ததும் ஞாபகம் இருக்கும். விடிந்தபின் வானொலியில்தான் மற்றது தெரிந்தது. தனுஷ்கோடியே இல்லை. பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோய்விட்டது. மிசியம்மாவின் பிள்ளைகள் சில வாரங்களுக்கு முன்னர் வந்த பாதை அதுதான். மிசியம்மா வானொலிக்குப் பக்கத்தில் நின்றபடி மகளின் தலைமயிரைப் பின்னினா, அவிழ்த்தா, மறுபடி பின்னினா. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்தும் போக வழியில்லாமல் பிள்ளைகள் இருவரும் எங்களோடேயே நின்றார்கள். கடைசியில் பலாலியிலிருந்து விமானத்தில் போனார்கள். அந்த வாரங்களில் மிசியம்மா யாருக்கும் ஆமணக்கெண்ணெய் தரவில்லை. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்று வரிசையில் நின்றவர்கள் யாராவது சாட்சி சொல்லலாம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடந்ததுதான். எழுபதுகளில் வீசா நீடிப்புக் கிடைக்காமல் அவர்கள் திரும்பினார்கள். எண்பத்து மூன்றுக்குப் பிறகு நான் புறப்பட்டேன். மிஷனரிமாருக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை 'பேர்லோ' என்று ஒன்று உண்டு. ஊருக்குப் போய், தாய் தகப்பனைப் பார்த்து, தேவாலயம் தேவாலயமாகப் படம் காட்டி, திரும்பி வருவார்கள். அகதிக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. 1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது அம்மாவும் தென்மராட்சிப் பக்கம் நடந்தா. அங்கேயே முடிந்துபோனா. கடிதம் என் கைக்கு வந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் கழிந்திருந்தது. அன்றிரவும் நான் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மிசியம்மாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். போகிற வழியில் வூஸ்ரரில் இறங்கி, மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியரின் கல்லறையையும் பார்த்தேன். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. 1873இல் ஊரை விட்டுப் போனவர், 1884இல் செத்தும் தமிழரை விடவில்லை.

இல்லத்தில் மகன் காத்திருந்தான். தலை நரைத்து, என்னைவிடக் கொஞ்சம் கூனியிருந்தான். "மறதி அதிகம், ஆச்சரியப்படாதே" என்று எச்சரித்துத்தான் உள்ளே கூட்டிப்போனான். மிசியம்மா என்னைப் பார்த்து நல்ல ஆங்கிலத்தில், பயணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தா. பிறகு மகனின் பக்கம் திரும்பினா. "நீர் ஏன் இன்னும் நிற்கிறீர்? பிரேயருக்கு மணி அடிச்சாச்சு. சேர்ட்டை மாத்தும்."

அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் ஆயாவிடம் கற்ற தமிழும் கொடைக்கானலில் கரைந்துபோய்விட்டதாம். "சில மாதங்களாக என்னோடு தமிழில்தான் பேசுகிறா. என்ன சொல்கிறா?"

சொன்னேன். அவன் தன் சேர்ட்டைக் குனிந்து பார்த்தான். "வேறென்ன?" என்றான். நான் கதிரையை அவர்களுக்கு நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அந்தத் தாய் தன் மகனுக்குச் சொன்னதையெல்லாம் நான் அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நகம், எண்ணெய், கிணற்றடிச் சண்டை, சம்பலில் உப்புக் கூடினது. எல்லாம் எங்களுடையவை. அவனுடையது ஒன்றுமில்லை. இடையில் நான் ஒன்றிரண்டைச் சேர்த்தும் சொன்னேன் என்பதை இங்கே மறைக்கவில்லை.

விடைபெறும்போது அவன் ஊரைப் பற்றிக் கேட்டான். கிணறு இருக்கிறதா, வேம்பு நிற்கிறதா என்று. இருக்கிறது, நிற்கிறது என்றேன். வெளிநாடு வந்த பிறகு நான் அங்கே போகவில்லை என்று அவனுக்குத் தெரியாது. வருகிற கோடையில் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் என்று கையடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ கோடை வந்துபோய்விட்டது. மரணச் செய்தியை அனுப்பிய மின்னஞ்சலின் அடியிலும் அவன் அதைத்தான் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.