பளபளக்கும் டயல்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

பார்சல் வந்தது. அரசுக் கம்பெனியான எச்எம்டியின் பழைய ஜனதா வாட்ச் ஆறு, வெளியூர் வியாபாரி ஒருவர் அனுப்பியவை. எல்லாம் சாவி கொடுக்கிற 17 ஜுவல் (தேய்மானம் குறைக்கப் பதிக்கும் சின்னக் கல்) மெஷின். காதில் வைத்துப் பார்த்தேன். ஆறும் ஓடுகின்றன, நொடிக்கு ஐந்து டிக். பின்மூடியைத் திறந்தால் உள்ளேயும் சுத்தம். அப்புறம் லென்ஸைக் கண்ணில் மாட்டி டயலைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மூன்றில் நிமிஷக் கோடுகள் மணிக்குறிக்கு நேராக இல்லை, மயிரிழை விலகி நிற்கின்றன. எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறது. முள் ஏறும் நடு ஓட்டையைச் சுற்றி பெயின்ட் தடித்து வரப்பு மாதிரி இருக்கிறது. பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள்.

மூன்றையும் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் போன மாதம் இதே ஆளிடம் வாங்கிய பச்சை டயல் ஒன்றை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி 3,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். அன்றைக்குக் கடையில் கூட்டம், லென்ஸை எடுக்கவே இல்லை. போனில் அதன் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே தடித்த எழுத்து.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலேயே பச்சை டயலை வாங்கிப்போனவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “சனிக்கிழமை வர்றேன்ணே” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுவே சங்கடமாக இருந்தது.

பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் எச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தது. டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் 1984-ல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வர ஆரம்பித்ததும் சாவி வாட்சைக் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். 2016-ல் எச்எம்டி வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. என் கடையில் ஜனதாவைத் தேடி இளவட்டங்கள் வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அந்தக் காலத்து டயல் இனி வராது. கேட்கிற ஆளோ கூடிக்கொண்டே போகிறார். பெயின்ட் அடிப்பவனுக்கு இது போதும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி பிறந்துவிட்டது, மதுரையில் கல்யாணக் கூட்டம். கணவன் மனைவிக்கென்று ஜோடியாக வரும் டைட்டன் பந்தன் வாட்ச் ஒரு செட் போனது. பெண் வீட்டார் ஆன்லைன் விலையைக் காட்டினார்கள். அந்த விலைக்கு என்னால் தர முடியாது, சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை கையில் மாட்டிப் பார்த்து செயினில் இரண்டு கண்ணி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

பச்சை டயல்காரர் வந்தார். லென்ஸைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் நல்ல டயல் ஒன்றையும் வைத்தேன். ரொம்ப நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். முழுப் பணத்தையும் எடுத்து வைத்திருந்தேன். அவர் வாட்சைத் தரவில்லை. “வீட்ல இந்தப் பச்சை பிடிச்சுப்போச்சு. நியாயமான விலை என்னவோ அதை மட்டும் எடுத்துக்கங்க.” 1,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய பில்லைக் கிழித்துவிட்டு, ‘டயல் மறுபெயின்ட்’ என்று எழுதிப் புதுப் பில் போட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஓர் அக்கா அப்பாவின் ஜனதாவை விற்கக் கொண்டுவந்தார். மில்லில் வேலை பார்த்தவராம். டயல் பழுப்பேறி, நாலு மணிப் பக்கம் மிளகு அளவுக்குத் துருப்பொட்டு. வேறொரு கடையில் டயல் போய்விட்டது என்று 300 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தேன். கோடுகள் ஊசியால் கீறினாற்போல நேராக, ஒவ்வொன்றும் அதன் இடத்தில். பெயின்டரின் கை படாத டயல் இந்த வருஷம் என்னிடம் வந்தது மிகக் குறைவு.

1,800 சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். சர்வீஸ் செய்து 2,900-க்கு விற்கலாம். பழைய வாட்ச் என்பதால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் ஜிஎஸ்டி. எனக்குக் கட்டுபடியாகும். ஆதார் நகல், கையெழுத்து வாங்கி நோட்டில் பதிந்தேன். திருட்டு வாட்ச் ஒன்று உள்ளே வந்தால் கடை பேர் போச்சு. யாராக இருந்தாலும் இதை விடுவதில்லை.

பணத்தை எண்ணிய பிறகு, “இந்த வாரை மட்டும் எனக்குத் தர்றீங்களா?” என்றார். வியர்வையில் கறுத்த தோல் வார், மூன்றாவது ஓட்டை நீண்டு கிழிந்திருந்தது. கழற்றித் துடைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அந்த அக்காவுடைய அப்பாவின் ஜனதாவைக் கழுவி எண்ணெய் போட்டு, நேற்றுக் காலை பத்து மணிக்கு முழுச் சாவி கொடுத்து வைத்தேன். இன்று பத்துக்கு 40 நொடி பின்தங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம். துருப்பொட்டைத் தொடவில்லை. விலைச்சீட்டில் அதையும் எழுதித்தான் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறேன்.