எங்கள் ஊர் ஆற்றில் மணல் குவாரி வராமல் தடுத்த கதை

கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், வெளியூர் இளைஞர் ஒருவர் வந்து ஒரு வரைபடத்தை ஆறு நகல் எடுக்கச் சொன்னார். கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போதே புல எண் கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் ஆற்றுப் புறம்போக்கு. நடுவில் சிவப்புக் கோட்டில் நீளமாக ஒரு கட்டம். காசு வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினேன். மணலில் நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தார்கள்.

மேல்பக்கம் பழைய குவாரி ஒன்று ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது. அங்கே இப்போது மணல் இல்லை, களிமண் தெரிகிறது, கோரைப்புல் மண்டிக் கிடக்கிறது. அதனால் புதுக் குவாரி என்றால் என்ன என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆற்று மணல் ஒரு பஞ்சு மாதிரி, வெள்ளத்தில் வந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கிணறுகளுக்குக் கொடுக்கும். அதை வாரிவிட்டால் ஆடியில் வெள்ளம் போனாலும் மாசியில் கிணறு காய்ந்துவிடும்.

முதல் வாரமே சாலை மறியல் செய்தோம். அறுபது பேர் இருந்தோம், ஒன்றரை மணி நேரம். அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள், போனோம், பேசினோம், டீ கொடுத்தார்கள். கடைசியில் அங்கிருந்த அதிகாரி ஒருவர் அமைதியாக, “வேண்டாம்னு சொல்றீங்க, சரி. எந்த விதிப்படி வரக்கூடாது? ஆதாரம் இருந்தா எழுதிக் கொடுங்க” என்று கேட்டார். எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் அவர் மேல் இல்லை, தினமும் காகிதத்தோடு புழங்குகிற நானே வெறுங்கையோடு போனேனே என்றுதான்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தபாலில் அனுப்பினால் போதும். சுரங்கத் திட்டம், மாவட்டத்தில் எங்கே எவ்வளவு மணல் எடுக்கலாம் என்று சொல்லும் மாவட்ட ஆய்வு அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம் மூன்றையும் கேட்டோம். 30 நாள் ஆகியும் பதில் இல்லை, முதல் மேல்முறையீடு போட்ட பிறகு பாதித் தாள்கள் வந்தன. இதற்குள் இரண்டரை மாதம் போய்விட்டது. இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாவட்டம், திட்டத்தின் வகை இரண்டையும் கொடுத்துத் தேடினால் விண்ணப்பப் படிவம், வரைபடம் எல்லாம் கிடைக்கும். நாங்கள் தவம் கிடந்த காகிதத்தில் பெரும்பகுதி அங்கேயே இருந்திருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் ஊர்ப்பெண் ஒருத்திதான் அந்த ஆங்கிலப் படிவத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னாள். பக்கத்தில் குடிநீர் ஆதாரம் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் ஆற்றைப் பார்த்துத் திரும்பினோம். ஆற்றுக்குள் எங்கள் ஊருக்கும் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் தண்ணீர் ஏற்றும் உறைகிணறு இருக்கிறது, கடை வாசலிலிருந்தே அதன் மேல்தளம் தெரியும்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959, பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் ஆற்றுமணல் எடுக்கக் கூடாது என்கிறது. படிவத்தில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகையை கூகுள் எர்த்தில் போட்டோம், 500க்குள் வந்தது. ஆனாலும் கைப்பட அளக்க வேண்டும் என்று தோன்றியது. சித்திரை வெயில், காலை ஆறு மணிக்கே இறங்கினோம். கொத்தனாரிடம் வாங்கிய 30 மீட்டர் டேப். உறைகிணற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முப்பதுக்கும் ஒரு குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு ஆள் நின்று, முழுவதையும் வீடியோ எடுத்தோம். பதினோரு குச்சி தாண்டிப் பன்னிரண்டாவதில் பாதி டேப்போடு சிவப்புத் துணி வந்துவிட்டது. 345 மீட்டர்.

இன்னொரு வேலை கிணறுகளை அளந்தது. இதைத் தொடங்கியது எங்கள் தெருப் பெரியம்மா. “தம்பி, தண்ணி கீழ போச்சு கீழ போச்சுன்னு வாயால சொன்னா எவன் கேப்பான், அளந்து எழுது” என்றார். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு பழைய பித்தளைச் செம்பைக் கட்டினார். செம்பின் அடி தண்ணீரைத் தொடும்போது ‘தொப்’ என்று ஒரு சத்தம் வரும், அந்த இடத்தில் கயிற்றைக் கிள்ளிப் பிடித்து முடிச்சை எண்ண வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, பதினேழு கிணறு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிணற்றுக்காரர் கையெழுத்து, அடி. நான்கு மாதத்தில் தெரிந்துவிட்டது, பழைய குவாரிப் பள்ளத்தை ஒட்டிய கிணறுகளில் மற்றவற்றைவிட 12 அடி, 14 அடி கீழேதான் தண்ணீர். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் எந்தக் கிணறு என்று மனப்பாடமாகச் சொல்வார்.

கிராம சபையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இப்போது வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். மக்கள்தொகை 500க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும், அதனால் முதல் நாள் ராத்திரி வீடு வீடாகப் போனோம். ‘மணல் குவாரி வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் எழுதப் பார்த்தார்கள். விடவில்லை. புல எண், உறைகிணற்றின் தூரம், அதிலிருந்து தண்ணீர் குடிக்கும் ஊர்களின் பெயர், விதி எல்லாவற்றையும் நாங்களே எழுதிக் கொண்டுபோயிருந்தோம், சபையில் சத்தமாகப் படித்து, அதே வாசகம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து போட்டோம். நகலும் அன்றைக்கே வாங்கிவிட்டோம். நாளைக்கு வாங்கிக்கலாம் என்று மட்டும் வந்துவிடாதீர்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். அனுமதி கொடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதனால் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆதாரம் கோப்பில் ஏறட்டும் என்றார். நர்மதை ஆற்றில் சர்தார் சரோவர் அணையை எதிர்த்து நடந்த போராட்டத்தைப் பற்றியும் அன்று பேசினார். பள்ளத்தாக்கு மக்கள் கேட்ட கேள்விகளுக்கு அப்புறம்தான் அணைக்குக் கடன் கொடுத்த உலக வங்கியே அதை மறுபடி ஆராய மோர்ஸ் குழுவை அமைத்தது, 1992இல் அறிக்கை வந்தது, 1993இல் அந்தக் கடன் நின்றது. அணை நிற்கவில்லை, 2017இல் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். அதைக் கேட்டு வீடு திரும்பும்போது பேருந்தில் யாரும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே எல்லாரும் கடைக்கு வந்துவிட்டார்கள்.

தீர்மான நகல், அளந்த வீடியோ, கிணற்று நோட்டின் எல்லாப் பக்கமும், வரைபடம், எல்லாம் சேர்த்து 63 பக்கம். அனுமதி கொடுக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். கீழணையில் தேங்கும் இந்தக் கொள்ளிடத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் போய்ச் சென்னைக்கும் குடிநீராகிறது என்பதையும் ஒரு பத்தியில் எழுதியிருந்தோம். எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லையே.

இரண்டு மாதம் கழித்துக் கள ஆய்வுக்கு வந்தார்கள். உறைகிணற்றுத் தளத்தின் மேல் அவர்களை நிற்க வைத்தோம், அங்கிருந்து பார்த்தால் சிவப்புத் துணி தெரியும். பெரியம்மா செம்பையும் கயிற்றையும் கொண்டுவந்து முதல் கிணற்றை அவர்கள் கண் முன்னால் அளந்து காட்டினார். அவர்களில் ஒருவர் குனிந்து முடிச்சை எண்ணினார். அதற்கப்புறம் ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் இணையதளத்தில் பார்த்தபோது, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகப் போட்டிருந்தது. அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

மாவட்ட ஆய்வு அறிக்கையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். வரைவு வந்ததும் 21 நாள் மாவட்ட இணையதளத்தில் இருக்கும், ஆட்சேபணையை அதற்குள் கொடுக்க வேண்டும், எனவே வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிணற்றுக் கணக்கு இப்போது இரண்டாவது நோட்டில் ஓடுகிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, போன ஞாயிறு செம்பை அந்தக் கல்லூரிப் பெண் இறக்கினாள்.