நெட் எர்த் சயின்ஸ்: பனிப்படிகத்துக்கு ஒரே ஒரு படம் போதும்

நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, அப்பாடா. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடுத்த முறை எழுதப்போகிற தம்பி தங்கச்சிகளுக்கு மேக இயற்பியலில் ஒரு மூலையை மட்டும் சொல்கிறேன். மற்றதற்கெல்லாம் நோட்ஸ் கொட்டிக் கிடக்கிறது.

தேர்வில் உட்கார்ந்ததும் ரஃப் ஷீட்டில் நகாயா வரைபடத்தைப் போட்டுவிடுங்கள்; எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் பனிப்படிகம் என்ன வடிவம் எடுக்கும் என்று காட்டுகிற படம் அது. படுக்கை அச்சில் வெப்பநிலை (செல்சியஸில்), நெட்டச்சில் பனியைப் பொறுத்த சூப்பர்சாச்சுரேஷன், அதாவது பனியோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிடக் காற்றில் ஆவி எத்தனை சதவீதம் கூடுதல் என்பது. 0, -4, -10, -22 என்று நாலு கோடு.

0 முதல் -4: தட்டு
-4 முதல் -10: தூண், -5 பக்கம் ஊசி
-10 முதல் -22: மறுபடி தட்டு, -15 ஒட்டிக் கிளைவிட்ட நட்சத்திரம்
அதற்கும் கீழே: தட்டும் தூணும் கலந்து

தட்டா தூணா என்பதை வெப்பநிலை முடிவு செய்யும். கிளை விடுமா என்பதை ஈரப்பதம் முடிவு செய்யும். ஆவி குறைவென்றால் படிகம் மெல்ல வளர்ந்து கட்டையான அறுகோணமாகவே நிற்கும். ஆவி அதிகமென்றால் துருத்தி நிற்கிற மூலைக்குத்தான் முதலில் ஆவி போய்ச் சேரும், மூலை முந்திக்கொண்டு கிளையாகும். ஐஸ்க்ரீம் கடை ஃப்ரீசரில் மூடி ரப்பர் ஓரம், நம்ம ஊர் ஐப்பசி ஈரக்காற்று புகுகிற இடத்தில், இறகு இறகாகப் பூத்திருப்பதைப் பாருங்கள்.

பலர் வழுக்குவது இங்கே. நீர்த்துளிகள் உள்ள மேகத்தில், பனியைப் பொறுத்த சூப்பர்சாச்சுரேஷன் ஏறக்குறைய டிகிரிக்கு 1%: -5-ல் 5, -10-ல் 10, -20-ல் 21. குளிரக் குளிர ஏறிக்கொண்டே போகும். ஆனால் நீருக்கும் பனிக்கும் உள்ள ஆவியழுத்த வித்தியாசம் -12 பக்கம் உச்சம் தொட்டு (சுமார் 0.27 ஹெக்டோபாஸ்கல்) பிறகு இறங்கும். கேள்வி விகிதத்தைக் கேட்கிறதா, வித்தியாசத்தைக் கேட்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். துளி ஆவியாகி, அந்த ஆவியில் படிகம் பெருப்பது (இதுதான் பெர்ஜரான் முறை) இந்த வித்தியாசத்தால்தான்.

கையோடு:
- உட்கரு (உறைதலைத் தொடங்கிவைக்கும் தூசி போன்ற துகள்) இல்லாத தூய துளி தானாக உறைவது -38 வாக்கில்
- அதிகுளிர்ந்த துளிகள் (0-க்குக் கீழும் உறையாதவை) படிகத்தில் மோதி உறைந்து ஒட்டினால் ரைமிங், அது முற்றினால் கிராபெல் என்கிற மென்மையான பனி உருண்டை
- நகாயா, ஜப்பானின் ஹொக்கைடோவில் 1936-ல் முயல் முடியில் படிகம் வளர்த்தவர் (வருஷத்துக்காக மண்டையை உடைக்க வேண்டாம்)

தூணின் இரு முனையிலும் தட்டு ஒட்டிய படம் கொடுத்தால் வரைபடத்தில் விரலை ஓட்டுங்கள்: -6 வாக்கில் தூணாக வளர்ந்து, மேலேறி -15 பக்கம் போயிருக்கலாம். இறங்கிய படிகம் என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள்: -22-க்கும் கீழே தூணாக வளர்ந்து -15 பக்கம் இறங்கினாலும் இதே வடிவம் வரும்.