மீராவின் ஏறுமுகமும் என் கண்ணின் சிவப்புப் பிழையும்

நவம்பர் கடைசி வாரம் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் வரை, முப்பத்தெட்டு இரவுகள் மீரா என்னும் மாறொளிர் விண்மீனின் (பொலிவு கூடிக் குறையும் விண்மீன்) பொலிவைக் கண்ணால் மதிப்பிட்டிருக்கிறேன். நேற்று அத்தனை புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறித்து, ஏஏவிஎஸ்ஓ (மாறொளிர் விண்மீன் நோக்கர்களின் அமெரிக்கச் சங்கம்) வெளியிடும் ஒளிக்கோட்டின், அதாவது நாளுக்கு நாள் பொலிவைக் காட்டும் கோட்டின், பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த விண்மீனைப் பின்தொடரத் தொடங்கிய மூன்று பருவங்களில் முதன்முறையாக, என் புள்ளிகள் மற்ற நோக்கர்களின் புள்ளிக் கூட்டத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. முந்தைய இரு பருவங்களிலும் அவை ஏறக்குறைய அரைப் பொலிவெண் (எண் குறையக் குறையப் பொலிவு கூடும் அளவு) மேலே, தனி வரிசையாக நின்றன. எங்கே தவறு செய்தேன், எப்படித் திருத்தினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மீராவை இங்கே அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1596-இல் டேவிட் ஃபாப்ரீசியஸ் கண்டு, பிறகு காணாமற்போய், 1638-இல் ஹோல்வார்டா பதினொரு மாதச் சுழற்சி என்று உறுதி செய்த அதே சிவப்பு அரக்கன்தான் (முதிர்ந்து பெரிதாக வீங்கிய சிவந்த விண்மீன்). சுழற்சி சுமார் 332 நாள் என்பதால் உச்சம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாக முன்னால் நகர்ந்து வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் அந்தப் பகுதியில் இருப்பதால், உச்சம் அப்போது வரும் ஆண்டுகளில் ஏறுமுகத்தின் பின்பாதி நம் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. என் முதல் இரு பருவங்களும் அப்படித்தான் பாதியில் அறுந்தன. இம்முறை உச்சத்தை மார்ச் தொடக்கத்தில் எதிர்பார்க்கலாம் என்பதால் ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை அதற்கு இடம் கொடுக்கவில்லை. மீரா இரவு வானில் நன்றாக நிற்கும் அக்டோபரும் நவம்பரும் ராஜபாளையத்தில் மேகத்துக்குச் சொந்தமான மாதங்கள். அடிமட்டப் பொலிவு முழுவதும் அதில் போய்விட்டது.

இனி அந்தச் சிவப்புப் பிரச்சினை. கண்ணால் மதிப்பிடுவதில் எனக்கு இருந்த ஒரே உண்மையான எதிரி அதுதான். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அதன் ஒளி கண்ணில் சேர்ந்துகொண்டே போவது போலத் தோன்றும்; பக்கத்தில் உள்ள வெள்ளை விண்மீன் அப்படிக் கூடுவதில்லை. பர்கின்ஜி விளைவு என்று இதைப் படித்திருந்தேன். படித்ததாலேயே அதைத் தவிர்த்துவிட்டதாகவும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒப்பீட்டு விண்மீனையும் (பொலிவெண் ஏற்கெனவே தெரிந்த விண்மீன்) மீராவையும் மாறி மாறி, ஒவ்வொன்றையும் பத்து விநாடி, பதினைந்து விநாடி பார்ப்பதே கவனமான வேலை என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தக் கவனமே பிழையை வளர்த்திருக்கிறது.

இதை உறுதி செய்ய டிசம்பரில் மென்காரை வைத்து ஒரு சோதனை செய்தேன். மீரா இருக்கும் திமிங்கில (சீட்டஸ்) விண்மீன் குழுவின் தலையில் உள்ள மென்காரும் சிவப்பு அரக்கன்தான், பொலிவெண் 2.5, ஏற்ற இறக்கம் பொருட்படுத்த வேண்டாத அளவு. அதைப் பொலிவெண் தெரியாத விண்மீனாகக் கருதி, வெண்மையான அல்ஃபெராட்ஸுக்கும் (2.1) காமா சீட்டிக்கும் (3.5) இடையே மதிப்பிட்டேன். என் பழைய முறையில் அது அல்ஃபெராட்ஸுக்குச் சமமாகவே தெரிந்தது. அதாவது 0.4 பொலிவெண் கூடுதல். இரண்டு ஆண்டுகளாக மீராவின் பதிவில் நான் விட்ட பிழைக்கு அது ஏறக்குறைய சமம்.

திருத்தம் இரண்டு பகுதிகளாக வந்தது. முதலாவது, பார்வையை ஒரு விநாடிக்கு மேல் நிறுத்தாமல் இரண்டுக்கும் இடையே விரைவாக மாற்றுவது. இரண்டாவது, பைனாகுலரின் குவியத்தைத் தளர்த்துவது. எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. குவியச் சக்கரத்தைச் சற்றே திருப்பினால் விண்மீன் சிறு பொட்டாக விரிகிறது. நிறம் இன்னும் கெட்டியாக இருக்கும், அது போதாது. மேலும் திருப்பினால் பொட்டு அகன்று, ஆரஞ்சு நிறம் வெளிறி, மீராவும் ஒப்பீட்டு விண்மீனும் ஏறக்குறைய ஒரே சாயலுள்ள இரு சாம்பல் வட்டங்களாகின்றன. அந்த இடத்தில்தான் கண் நிறத்தை மறந்து வெளிச்சத்தை மட்டும் எடைபோடுகிறது. அதையும் தாண்டினால் வட்டங்கள் வானப் பின்னணியில் கரைந்துவிடும். அந்த நிலையில் சக்கரத்தின் மீது வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். இப்போது இருட்டில் விரல் நகத்தால் தடவியே அங்கே கொண்டுவர முடிகிறது. இந்த முறையில் மென்கார் 2.4 என்று வந்தது. அன்றிரவு மாடிப் படியில் இறங்கும்போது எனக்கிருந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கருவியின் அளவும் ஒரு காரணம். ஆறாம் பொலிவெண்ணுக்கு மேல் ஏறிவிட்ட மீராவை நான் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியிலேயே தொடர்ந்து பார்த்துவந்தேன். அவ்வளவு ஒளியில் சிவப்பு இன்னும் வலுத்தது. பார்க்கும் விண்மீன், கருவியில் தெரியக்கூடிய மிக மங்கலான பொலிவெண்ணிலிருந்து இரண்டு முதல் நான்கு பொலிவெண்ணுக்குள் இருப்பதே நல்லது என்ற விதியை இந்தப் பருவத்தில்தான் முறையாகக் கடைப்பிடித்தேன். எட்டிலிருந்து ஏழு வரை தொலைநோக்கி, பிறகு பைனாகுலர், நான்கைத் தாண்டியதும் வெறுங்கண்.

பைனாகுலர் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஒரு கடையில் வாங்கிய 10க்கு 50 கருவி, இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்காத நிலையில் வந்து சேர்ந்தது. ஒரு விண்மீன் இரண்டாகத் தெரியும் கருவியில் பொலிவு மதிப்பிட முடியாது. இருமுறை திருப்பியனுப்பி மூன்றாவதாக வந்ததுதான் சரியாக இருந்தது. வாங்குபவர்கள் கடையிலேயே தொலைவில் உள்ள கோபுர விளக்கையோ செல்பேசிக் கோபுரத்தையோ பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசி வாரத்தின் ஓர் இரவு என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: மொட்டை மாடி, கயிற்றுக் கட்டில், நிலா இல்லை. டெல்டா சீட்டி 4.1, நியூ சீட்டி 4.9, மீரா இரண்டுக்கும் நடுவில், ஒருவேளை டெல்டாவின் பக்கம் மிகச் சற்றே. 4.5 என்று எழுதினேன். டெல்டாவும் மீராவும் பைனாகுலரின் ஒரே வட்டத்துக்குள் விளிம்போடு விளிம்பாக அடங்குகின்றன என்றாலும், விளிம்பில் ஒளி குறைவதால் ஒவ்வொன்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தே பார்க்க வேண்டும். மேலும் கீழுமாக நிற்கும் இரு விண்மீன்களில் கீழே உள்ளது கூடுதல் பொலிவாகத் தோன்றும் என்பதால், இரு கண்களையும் இணைக்கும் கோடு இரு விண்மீன்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வரும்வரை கட்டிலில் உடலைத் திருப்பிப் படுத்தேன். நம் ஊரில் மீரா 77 பாகை உயரம் வரை ஏறுவதால் இந்தக் கட்டில் ஆடம்பரம் அல்ல. நின்றுகொண்டு பார்த்த பருவத்தில் கழுத்து வலியே மதிப்பீட்டை அவசரப்படுத்தியது.

பதிவு செய்வதில் இன்னொரு பாடம். நாள்களைத் தொடர் எண்ணாகக் குறிக்கும் ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகலில், அதாவது நம் மாலை ஐந்தரைக்குத் தொடங்குவதால், நம் இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. இரவு எட்டரை மணி என்றால் பின்னம் 0.125. முதல் பருவத்தில் இந்திய நேரத்தையே உலக நேரமாக எழுதிவிட்டதால் என் பதிவுகள் எல்லாம் 0.229 நாள் தள்ளி நின்றன. மீராவைப் போன்ற மெதுவான விண்மீனுக்கு அதனால் பெரிய சேதமில்லை என்றாலும், தவறான நேரத்தைப் பதிவேட்டில் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பொலிவெண்களை மட்டும் திருத்தவில்லை. என் கண்ணின் 0.4 பிழை தெரிந்த பிறகும், பழைய மதிப்பீடுகளிலிருந்து அதைக் கழிப்பது நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதாகும். அதே காரணத்தால், பார்ப்பதற்கு முன் மற்றவர்களின் எண்களையோ என் முந்தைய இரவின் எண்ணையோ திறப்பதில்லை.

துணை விண்மீனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது என் கருவியில் தெரியாது. மீராவிலிருந்து அரை விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளவே விலகியிருக்கும் அந்த வெண்குள்ளனை, அதாவது எரிந்து முடிந்த சிறு விண்மீனை, 1923-இல் ஐட்கென் லிக் ஆய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கியில்தான் பிரித்துக் கண்டார். அதற்கு வி.இசட். சீட்டி என்று தனிப் பெயரும் தனி ஒளிமாற்றமும் உண்டு. மீரா உதறும் வாயுவை ஈர்த்துத் தன்னைச் சுற்றி வட்டாக அடுக்கிக்கொள்கிறது. மீரா அடிமட்டத்தில் இருக்கும்போது நீல ஒளியில் துணையே மேலோங்கி நிற்கும். எனவே அடிமட்டத்தில் நான் எழுதும் ஒவ்வோர் எண்ணிலும் அந்தத் துணையின் பங்கும் கலந்திருக்கிறது என்ற எண்ணம், மழை தின்ற அக்டோபரை நினைத்து என்னை இன்னும் வருத்துகிறது.

இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்கும் ஆசைக்கு ராசல்கெத்தி (ஆல்ஃபா ஹெர்குலிஸ்) இருக்கிறது. அதன் சிவப்பு முதன்மையும் துணையும் ஏறக்குறைய ஐந்து விகலை இடைவெளியில் நிற்கின்றன. எட்டு அங்குலத்துக்கு எளிது. துணையின் ஒளியும் சேர்ந்துவிடும் என்பதால் அங்கே குவியத்தைத் தளர்த்தும் முறை எவ்வளவு உதவும் என்று பார்க்க வேண்டும். தென்வானில் உள்ள ரெட்டிகுலம் விண்மீன் குழுவின் ஆர் விண்மீனும் நான் அடுத்துப் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. 1867-இல் மெட்ராஸ் ஆய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டறிந்த மாறொளிர் விண்மீன் அது. மீரா வகையைச் சேர்ந்தது. நாம் இன்று பயன்படுத்தும் பொலிவெண் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்த போக்சன்தான் அப்போது அந்த ஆய்வகத்தின் தலைவர். எங்கள் தெற்கு அடிவானத்தில் 17 பாகைக்கு மேல் அது ஏறாது என்றாலும் ஒருமுறையாவது என் கண்ணால் மதிப்பிட்டுவிட வேண்டும்.

ஏறுமுகம் முடிந்துவிட்டதா என்று இன்னும் தெரியவில்லை. மார்ச் மூன்றாம் வாரத்தில் மீரா மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை நெருங்கிவிட்டதால், உயரத்தில் நிற்கும் மென்காரோடு ஒப்பிட்டால் காற்று மண்டலம் தின்றதும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் கடைசி மூன்று இரவுகளின் எண்களைச் சந்தேகக் குறியோடு வைத்திருக்கிறேன். உச்சம் தொட்டுவிட்டதா என்று அந்த எண்களை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜூலை முதல் வாரம், விடிகாலை நாலரை மணிக்குக் கிழக்கில் ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் மீண்டும் கிடைக்கும். சாரல் மேகம் வழிவிட்டால் இறங்குமுகத்தின் முதல் புள்ளியைத் தொலைநோக்கியில் எடுப்பேன்.